கூப்பிடாமல் விட்ட பேர்கள்

கணக்கப்பிள்ளை,

இன்று காலை பள்ளிக்கூட மணியை ஆட்டினேன். அதன் நாக்கு கழன்று என் காலடியில் விழுந்தது. பிள்ளைகள் ஒரே சிரிப்பு. நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டே குனிந்து எடுத்தேன். எடுத்த பிறகு பாடத்தைத் தொடங்க முடியவில்லை. பித்தளை மணி, இரும்பு நாக்கு. அந்த நாக்கை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மேடையில் நின்ற கோலம் கண்ணுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கொல்லனிடம் கொடுத்தால் புதுக் கொக்கி போட்டுத் தருவான். ஆனால் அதற்குக் காசு எதிலிருந்து எடுப்பது என்று குழம்பிப் போனேன். மணி பள்ளிக்கூடத்துடையது இல்லை, என்னுடையதும் இல்லை. நம்முடைய நாடக சபைக்கு வாங்கியது. சபையோ இப்போது இல்லை. சபையின் மிச்சக் காசு மட்டும் என் அலமாரியில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் கிடக்கிறது. இல்லாத சபையின் காசை எடுத்து, இல்லாத சபையின் மணியைத் திருத்தி, இருக்கிற பள்ளிக்கூடத்தில் அடிக்கலாமா? நீங்கள் இருந்தால், "என்னங்க மாஸ்டர், மணின்னா அடிக்கணும், காசுன்னா செலவழிக்கணும். இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு" என்று ஒரே பேச்சில் முடித்திருப்பீர்கள். எனக்கு அப்படி முடிக்கத் தெரியாது. அதனால்தான், நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் உங்களுக்கு எழுதுகிறேன்.

எஹலியகொடைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்துக்கு நான் படிப்பிக்க வந்தபோது எனக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. யாழ்ப்பாணத்தான் என்று லயத்து வரிசை வீட்டுச் சனங்கள் எட்டி நின்றே பேசினார்கள். என் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை, அவர்கள் பேச்சு எனக்கு. நீங்கள்தான் முதல் மாதத்திலேயே குடையை இடுக்கிக்கொண்டு வந்து, "மாஸ்டர், உங்களுக்கு எழுத்து தெரியும், எங்களுக்கு ஆட்டம் தெரியும். இனிமே சபைக்கு நீங்கதான் செகரட்டரி" என்றீர்கள். நான் சம்மதம் சொல்லவில்லை. மறுநாள் தண்ணிப் பீலியடியில் நின்ற பெண்கள்கூட என்னைச் செகரட்டரி மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கொட்டகை எப்படி இருந்தது என்று உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ரோட்டோரமாக, நாலாம் லயத்துக்குக் கீழே, தோட்டத்து நிலத்தில் நின்றது. ரப்பர் ஸ்டோரிலிருந்து கழித்துப் போட்ட தகரம்தான் கூரை. மூங்கில் தட்டி, மண் மேடை, ஒரு நீலத் திரை. சுற்றி இருந்த மூன்று தோட்டத்துச் சனங்கள் லீவு நாட்களில் கூடிக் கட்டியது. அங்கே கூத்து ஆடினோம், நாடகம் போட்டோம், பெண்கள் கும்மி பழகினார்கள், யாருக்காவது மிருதங்கம் படிக்க விருப்பமென்றால் அதுவும் நடந்தது. கலவானைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் சட்டையும் கிரீடமும் இரவல் கொடுத்தோம். இதில் ஒருவருக்கும் ஒரு சதம் லாபமில்லை. லாபமில்லாத ஒன்றை நடத்த எவ்வளவு காசு வேண்டியிருக்கிறது என்பதை நான் அங்கேதான் கண்டுபிடித்தேன்.

ரப்பர்ப் பால் வெட்ட இருட்டோடு எழும்ப வேண்டும் என்பதால், விடிய விடிய ஆடக் கூடாது என்று தோட்டத்துத் துரை சொல்லியிருந்தார். அதனால் நம்முடைய ஆட்டமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தொடங்கி இருட்டின கையோடு முடியும். வெயில் தகர ஓட்டை வழியாக ராஜாவின் கன்னத்தில் விழும். அரிதாரம் உருகி ஒழுகும். அதைப் பார்த்துச் சனங்கள் கிட்டத்தில் போய்ச் சிரிப்பார்கள். சிங்களக் கிராமத்தாரும் வந்து பின்வரிசையில் குந்துவார்கள். சந்திக் கடை முதலாளி லாம்பெண்ணெய் இனாமாகத் தருவார், தன் பேரை மேடையில் ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்ற ஒரே ஒப்பந்தத்தில்.

ஆம், அந்தக் கூப்பிடுதல். சபையின் பிழைப்பே அதில்தான் இருந்தது. டிக்கெட் என்று வைத்தால் ஒருவரும் வர மாட்டார்கள். கதவைத் திறந்துவிட்டால் எள் போட்டால் விழாத கூட்டம். ராஜா ராச்சியத்தை இழந்து அழுதுகொண்டிருப்பார். நீங்கள் இந்த மணியை ஆட்டிக்கொண்டு மேடைக்கு வருவீர்கள். ராஜா அழுகையை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று வெற்றிலை போடுவார். "முசிறி தாலுகா, ஆறுமுகம் மகன், இரண்டாம் லயத்துச் சடையன் அவர்கள் நம்ம சபைக்கு அன்பளிப்புச் செய்தது கால் ரூபா!" சடையன் எழுந்து சுற்றிலும் ஒரு கும்பிடு போட்டு உட்காருவான். மணி இன்னொரு தடவை அடிக்கும். பிறகு ராஜா வந்து விட்ட இடத்திலிருந்து அழுவார்.

எனக்கு அது முதலில் பொறுக்கவில்லை. நல்ல சோகக் கட்டத்தைக் கெடுக்கிறீர்களே என்று சண்டை பிடித்தேன். நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெரட்டுக் களத்தைக் காட்டினீர்கள். விடியுமுன் எல்லாரும் வரிசையாக நிற்கிற இடம். வெளிக்காட்டு வேலைக்குப் பொறுப்பான கணக்கப்பிள்ளை நீங்கள். நீங்கள்தான் பேர் கூப்பிடுவீர்கள். "சடையா!" என்றால், "இருக்கேங்க சாமி!" அவ்வளவுதான். அடுத்த பேர். திரும்பி வரும்போது நீங்கள் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "பேர மட்டும் கூப்பிட்டா அது பெரட்டுங்க மாஸ்டர். அப்பன் பேரு, ஊரு சேத்துக் கூப்பிட்டாத்தான் சபை."

இரண்டுக்கும் ஒரே தொண்டை. விடியற்காலையில் அதட்டுகிற அதே குரல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேனாகும். அது எப்படி என்று எனக்கு விளங்கியதேயில்லை.

கணக்கிலும் நீங்கள் என்னைப் பாடாய்ப் படுத்தினீர்கள். ஆட்டம் முடிந்து பெட்டியைத் திறந்தால், நீங்கள் மேடையில் கூப்பிட்ட தொகைக்கும் உள்ளே இருக்கிற காசுக்கும் சம்பந்தமே இருக்காது.

"இஞ்ச பாருங்கோ கணக்கப்பிள்ளை, நீங்கள் கூப்பிட்டது ஒண்டு, பெட்டியில கிடக்கிறது ஒண்டு. இதை நான் எப்பிடி எழுதுறது?"

"கூப்பிட்டது மரியாதைங்க மாஸ்டர். பெட்டியில கெடக்கிறது காசு. ரெண்டையும் ஒரே கோட்டுல எழுதினா நீங்க கொழம்பத்தான் செய்வீங்க."

"அப்ப மிச்சம் எங்க?"

"சம்பளத்துக்கு வரும். பேரு கேட்டுப்போச்சுல்ல? இனி எங்க போவான்?"

வந்தது. அதுதான் ஆச்சரியம். சம்பள நாளில் ஆட்கள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று, மடியை அவிழ்த்து, கூப்பிட்ட தொகைக்குச் சரியாகவே கொடுத்துவிட்டுப் போனார்கள். சிலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் படித்துவந்த கணக்கு ஒன்றும் எனக்கு அங்கே உதவவில்லை. வருஷ முடிவில் எப்படியோ ஹார்மோனியத்துக்குத் தோல் போட்டிருப்போம், காஸ் லைட்டுக்கு மேண்டில் வாங்கியிருப்போம், வெளியிலிருந்து வந்த ஆட்டக்காரருக்குச் சோறு போட்டிருப்போம். கையில் ஒன்றும் மிஞ்சாது, கடனும் இருக்காது. எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது, செகரட்டரி நான்தான்.

ஒருமுறை நானும் இரண்டு ரூபா கொடுத்தேன். ஊரில் என் ஐயா மோசம் போய், செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பியிருந்த சமயம். பெட்டியில் பேசாமல் போட்டுவிட்டு மூலையில் நின்றேன். நீங்கள் எப்படிக் கண்டீர்களோ, மணி அடித்தது. "யாழ்ப்பாணம் அளவெட்டி, சின்னத்தம்பி ஐயா மகன், நம்ம செகரட்டரி மாஸ்டர் அவர்கள்..." என்றீர்கள். அதற்குப் பிறகு தொகை என்ன சொன்னீர்களோ எனக்குக் கேட்கவில்லை. என் ஐயாவின் பேரை நான் அந்தத் தோட்டத்தில் யாருக்கும் சொன்னதில்லை. ஐயா வாழ்நாளில் கண்டிராத ஒரு தகரக் கொட்டகையில், அவரைக் கண்டிராத சனங்கள் அவர் பேருக்குக் கை தட்டினார்கள். திரைக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன். செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. ராஜபார்ட் போட்டவர் தன் அங்கவஸ்திரத்தை நீட்டினார். முகம் முழுக்க ஜிகினாவானதுதான் மிச்சம்.

"எப்பிடித் தெரியும்?" என்று பிறகு கேட்டேன். "தபால்காரன்கிட்ட கேட்டேன்" என்றீர்கள், அதில் என்ன இருக்கிறது என்ற மாதிரி.

சரி, உங்கள் அப்பா பேர் என்ன, எந்த ஊர் என்று நானும் கேட்டேனே! ஒரு தடவையா? முதல் தடவை முசிறிப் பக்கம் என்றீர்கள், அப்பன் பேர் வீரபத்திரன். அடுத்த வருஷம் கேட்டபோது ஊர் அறந்தாங்கி, அப்பன் பேர் சுப்பன். மூன்றாவது தடவை, "நான் கப்பல்ல பொறந்தவங்க மாஸ்டர், எனக்கு ஊரு கடலு" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள். பபூன் வேஷமும் உங்களுடையதுதானே, பகிடி என்று விட்டுவிட்டேன். நாங்கள் எல்லாரும் உங்களைக் கணக்கப்பிள்ளை என்றே கூப்பிட்டோம். மணியை ஆட்டுகிறவர் நீங்கள் என்பதால் உங்கள் பேரை மேடையில் கூப்பிட ஆளிருக்கவில்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. எவ்வளவு விழுந்தது என்பதை லண்டனில் இருப்பவர்கள் பேப்பரில் பார்த்திருப்பார்கள். நாங்கள் அதை உலையில் பார்த்தோம். வேலை வாரத்தில் பாதி நாளாகச் சுருங்கியது. அதே வருஷம்தான் நம் கொட்டகைத் தகரம் அங்கங்கே பொத்துப்போய், மழைக்கு மேடை சேறானது. துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பருவ மழைக்கு முன் கூரையைச் சபையே புதிதாகப் போட்டால் கொட்டகை இருக்கலாம். இல்லையென்றால் தோட்டம் எடுத்துத் திருத்தி, விற்காமல் குவிந்து கிடக்கிற ரப்பர் ஷீட்டை அடுக்கும் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் இடமில்லை.

நீங்கள் அசரவில்லை. "ஒரே ஆட்டம் மாஸ்டர். மூணு தோட்டத்துக்கும் சொல்லியனுப்புவோம். பேரு கூப்பிட்டே கூரையப் போட்டுக் காட்டறேன்" என்றீர்கள். நாள் குறித்தோம். தகரத்துக்கு அவிசாவளைக் கடையில் விலை பேசினோம். வேலையில்லாத நாட்களில் எல்லாரும் வந்து மேடையை மெழுகினார்கள். வயிற்றில் பாதியும் இல்லாத காலத்தில் சனங்களுக்கு அத்தனை உற்சாகம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய வெள்ளிக்கிழமைதான் பெரட்டில் அது நடந்தது. தோட்டத்தில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று ஊகம் இருந்தது; யார் யார் என்று தெரியாது. நான் படுக்கிற பள்ளிக்கூடம் களத்துக்கு மேலேதான். விடியுமுன் உங்கள் குரல் கேட்டது. வழக்கமாகப் பேர் மட்டும் கூப்பிடுகிற குரல் அன்றைக்கு, "நாமக்கல் தாலுகா, மோகனூர், பெரியசாமி மகன்..." என்று கூப்பிட்டது. கப்பலுக்கும் காகிதத்துக்கும் அப்பன் பேரும் ஊரும் வேண்டுமாம். அதனால் ஆபீஸில் எழுதியபடியே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கூப்பிடப்பட்டவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, வேலை முடிந்தது என்கிற பத்துச்சீட்டை வாங்கிக்கொண்டு ஒதுங்கி நின்றார்களாம். பாயில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒரு கணம் பெரட்டா சபையா என்று தெரியாமல் போனது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்துவிட்டது. போகிறவர்களும் வந்திருந்தார்கள், இருக்கிறவர்களும் வந்திருந்தார்கள். ராஜா காட்டுக்குப் போகிற கட்டம் முடிந்ததும் நீங்கள் மணியோடு வந்தீர்கள். முதல் காசு கருப்பையாவுடையது. அவன் பேர் வெள்ளிக்கிழமை வரவில்லை. அவன் தோட்டத்தில் இருக்கப் போகிறவன். நீங்கள் மணியை அடித்து, "திருச்சி ஜில்லா, துறையூர், மலையாண்டி மகன், நாலாம் லயத்துக் கருப்பையா அவர்கள்..." என்று இழுத்தீர்கள்.

கருப்பையா எழுந்தான். கும்பிடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "இருக்கேங்க சாமி" என்றான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த அவன் பெண்சாதி வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒருவரும் கை தட்டவில்லை.

நீங்கள் மணியை வலக்கையிலும் அதன் நாக்கை இடக்கையிலும் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு, "காசு கெடக்கட்டும். ஆட்டம் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டீர்கள்.

நான் ஓடி வந்தேன். "என்ன செய்யிறியள்? கூப்பிடுங்கோ! கூரை போயிடுமெல்லே!"

"மாட்டேன் மாஸ்டர்."

"ஏன்?"

"அவங்க அப்பன் பேரெல்லாம் ஆபீசுக்கு எப்புடித் தெரிஞ்சுதுன்னு நெனைக்கிறீங்க? பெரிய கிளாக்கரு கேட்டாரு. நான் ஒவ்வொண்ணாச் சொன்னேன். எதுக்குன்னு கேக்கல. நம்மளக் கேட்டு எழுதறாங்களேன்னு பெருமையா இருந்துச்சு."

வெளியே ராஜா வசனம் பேசுகிறார், கூரை ஓட்டை வழியாக வெளிச்சம் விழுகிறது, மழைக்கு அதிக நாள் இல்லை. நீங்கள் மாட்டேன் என்றால் நான் கூப்பிடுகிறேன் என்று உங்கள் கையிலிருந்து மணியைப் பறித்துக்கொண்டு மேடைக்குப் போனேன். போய் நின்ற பிறகுதான் எனக்கு ஒருவருடைய அப்பன் பேரும் தெரியாது என்பது ஞாபகம் வந்தது. "சடையன் அவர்கள்" என்றேன். வெறும் பேர். அதுவும் என் யாழ்ப்பாணத்து நாக்கில். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு அதுவும் அடங்கிப்போனது. சந்திக் கடை முதலாளி மட்டும் என் மேல் இரக்கப்பட்டு ஒரு ரூபாவை நீட்டினார்.

கூரை வரவில்லை. மழை வந்தது. கொட்டகையைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. நல்ல தகரமாகப் போட்டு, நம் மேடையை வெட்டிச் சமப்படுத்தி, ரப்பர் ஷீட்டை முகட்டுவரை அடுக்கினார்கள். நீலத் திரையை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியாது.

இதில்தான் கணக்கப்பிள்ளை, நான் இன்னும் முழி பிதுங்கி நிற்கிறேன். நீங்கள் கூப்பிடாமல் விட்டது சரி என்று சில நாள் தோன்றும். கருப்பையாவின் முகத்தைக் கண்ட எந்த மனுஷனும் இரண்டாவது பேரைக் கூப்பிட மாட்டான். ஆனால் ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தபோது நடந்த ஒன்றை நான் உங்களுக்குச் சொல்லவேயில்லை. சொன்னால் நொந்துபோவீர்கள் என்று மென்று விழுங்கிவிட்டேன். மீனாட்சி வந்தாள், பால் வெட்டுகிற மீனாட்சி, வெள்ளிக்கிழமை பத்துச்சீட்டு வாங்கினவள். முந்தானை முடிச்சில் அரை ரூபா.

"மாஸ்டரய்யா, கணக்கப்புள்ள ஏன் நிறுத்திப்புட்டாரு? பெரட்டுல கூப்பிட்ட மாதிரியே கப்பலேறணுமா நானு? போறதுக்கு முன்னாடி ஒருக்கா இந்த மேடையில எம்பேரக் கேட்டுட்டுப் போவலாம்னு வந்தேனுங்க."

காசைத் திரும்பக் கொண்டு போகச் சொன்னேன். கேட்கவில்லை. "எழுதிக்கங்க. கரூரு, புகளூரு, ராமசாமி மக மீனாட்சி. என்னிக்காச்சும் கூப்பிடுவீங்கள்ல" என்று என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனாள்.

அப்படியென்றால் நீங்கள் கூப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? கூப்பிட்டால் ஒருத்தி அழுகிறாள், கூப்பிடாவிட்டால் இன்னொருத்தி வெறுங்காதோடு போகிறாள். மண்டையைப் போட்டு எவ்வளவு உடைத்துக்கொண்டாலும் எனக்கு இது தீரவில்லை. உங்கள் மேல் கோபம் வரும். கோபம் முடியுமுன்னே உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கும்.

நீங்கள் அந்த மழையோடு பெரட்டு வேலையை விட்டுவிட்டு, கேகாலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் காவலுக்குப் போனீர்கள். "பேரு கூப்பிடாத வேலைங்க மாஸ்டர்" என்று சிரித்துவிட்டுத்தான் போனீர்கள். போகும்போது மணியை என் மேசையில் வைத்தீர்கள். பிறகு மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராகப் பரவிய வருஷம், சந்திக் கடை முதலாளிதான் என்னைக் கண்டு, "அர கணக்கப்புள்ள மஹத்தயா நெத்தி உணாலு மாஸ்டர்" என்று சிங்களத்தில் சொன்னார். இல்லாமல் போய்விட்டாராம் என்று அவர் சொல்லி முடித்து, தேத்தண்ணியை ஊற்றி என் முன்னால் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. நான் உங்களிடம் வந்து சேர வழியும் இல்லை, புதைத்து நாளாகியிருந்தது.

பிறகு எனக்கும் கேகாலைப் பக்கமே மாற்றம் கிடைத்தது. போன மாசியில் பக்கத்துத் தோட்டத்தில் கூத்து என்று சொன்னார்கள். பிஸ்கட் தகரத்தைத் திறந்து, அந்தக் கடைசி ஆட்டத்தில் மிஞ்சிய காசை எடுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் ஒருவர் மணியோடு வந்து பேர் கூப்பிட்டார்; உங்கள் தொண்டை இல்லை, பரவாயில்லை. மீனாட்சியின் அரை ரூபாவைக் கொடுத்தேன். "கரூர், புகளூர், ராமசாமி மகள் மீனாட்சி அவர்கள்" என்று கணீரென்று கூப்பிட்டார். யாரும் எழுந்து கும்பிடவில்லை. யாரோ இருக்கிறாளாக்கும் என்று சனங்கள் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்தச் சந்தோஷத்தில் மிச்சக் காசையும் அப்படியே எடுத்து நீட்டி, உங்கள் பேரைச் சொன்னேன்.

அவர் குனிந்து கேட்டார். "அப்பா பேருங்க? எந்த ஊரு?"

வீரபத்திரனா, சுப்பனா? முசிறியா, அறந்தாங்கியா? ஒன்றைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் நீங்கள் எத்தனை பேருடைய அப்பன் பேரைச் சரியாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னவர். உங்களுக்குப் போய்ப் பொய்யாக ஒரு அப்பனைக் கட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை. வெறும் பேரைக் கூப்பிட விடவும் மனம் வரவில்லை. அது பெரட்டு என்று நீங்கள்தானே சொன்னீர்கள். பின்னால் ஆட்கள் காசோடு நெருக்கினார்கள். நான் காசை மடியில் முடிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

வரும் வழியில்தான் ஒன்று தோன்றியது. நீங்கள் பகிடிக்கு மாற்றி மாற்றிச் சொல்லவில்லையோ? சின்ன வயதில் யாரோ கங்காணியின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்து, உங்களுக்கே தெரியாமல் இருந்திருக்குமோ? தன் அப்பன் பேர் தெரியாதவர்தான் தோட்டத்தில் உள்ள எல்லாருடைய அப்பன் பேரையும் அப்படிச் சேர்த்து வைத்தாரோ? இதுவும் என் ஊகம்தான். ஊகத்தை வைத்துக்கொண்டு மணி அடிக்க முடியாது.

நாளைக்கு மணியைக் கொல்லனிடம் கொடுக்கப் போகிறேன். சபைக் காசில்தான் கொடுக்கப் போகிறேன். அதில் உங்களுக்குச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டேன். காலையில் இடாப்புக் கூப்பிடும்போது பிள்ளைகளின் பேரோடு அப்பன் பேரையும் சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன், அதற்குக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் போகிறது. இன்ஸ்பெக்டர் ஒருமுறை முகம் சுளித்தார். தகரத்தில் மீதி இருப்பது உங்கள் பேரில் கொடுக்க வேண்டிய காசு. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், அங்கே போகிறவர்கள் எல்லாரிடமும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு யாரைக் கேட்பது என்று தெரியாமல் கடைசியில் உங்களிடமே கேட்கிறேன்.

சொல்லுங்கள் கணக்கப்பிள்ளை, உங்கள் அப்பா பேர் என்ன?